மேய்ச்சல் நிலத்தில் கிடந்த படகு

வேலையோடு சேர்ந்து வீடு கிடைப்பது நம் தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தி அன்று. பால்மரம் வெட்டுகிறவரை லயத்து வீடு நமது. வேலை போனால் சட்டிபானைகளை மூட்டை கட்ட வேண்டியதுதான். 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையையும் கூரையையும் ஒன்றாக இழந்து நின்ற குடும்பங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படிப் பட்டணத்துக்குப் போய் வேறு தொழிலில் அமர்ந்தவர்களில் சிலர், விடியற்காலை நாலரை மணிக்குத் தாமாகவே எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். பெரட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனாலும் உடம்பு கேட்பதில்லை.

இன்று நான் சொல்லப் போவது ஒரு கடல் கதை. கப்பலே தொழிலாகவும் கப்பலே வீடாகவும் வாழ்ந்த ஒருவர் அந்த இரண்டையும் ஒன்றாக இழந்து கரையேறினார். சில ஆண்டுகள் கரையில் தவித்தார். பிறகு ஒரு சிறிய பாய்மரப் படகைத் தம் கையாலேயே கட்டி, மறுபடியும் கடலில் குடியேறினார். அவர் பெயர் ஜோஷுவா ஸ்லோக்கம். தன்னந்தனியாகப் படகில் உலகத்தைச் சுற்றிவந்த முதல் மனிதர் என்று அவரைப் புகழ்வார்கள். அந்தப் புகழ் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் ஏன் படகுக்குத் திரும்பினார் என்பதுதான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய செய்தி என்று எனக்குப் படுகிறது.

ஸ்லோக்கம் 1844ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். தகப்பனார் மீனவர்களுக்குத் தோல் பூட்சு தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பையனைப் பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பட்டறையில் உட்கார வைத்துவிட்டார். பையனுக்கோ மனமெல்லாம் கடலிலே. ஒளித்து வைத்து ஒரு கப்பல் பொம்மை செய்தான். தகப்பனார் அதைப் பார்த்துவிட்டுச் சுக்குநூறாக உடைத்தார். பதினாறு வயதில், தாயார் இறந்த பிறகு, அவன் கப்பலேறிப் போய்விட்டான். சாதாரண மாலுமியாகத் தொடங்கி, இருபத்தைந்து வயதளவில் கப்பல் தலைவராக உயர்ந்தார்.

1871ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வர்ஜீனியா என்ற பெண்ணை மணந்தார். மற்றக் கப்பல் தலைவர்களின் மனைவிமார் கரையில் வீடு எடுத்துக் காத்திருப்பது பெரும்பாலும் வழக்கம். வர்ஜீனியா அப்படி இருக்கவில்லை. கணவரோடு கப்பலேறியவர் பதின்மூன்று ஆண்டுகள் கப்பலிலேயே குடும்பம் நடத்தினார். பிறந்த ஏழு பிள்ளைகளும் கடலிலோ அயல்நாட்டுத் துறைமுகங்களிலோ பிறந்தவர்கள். மூன்று பிள்ளைகள் தவறிப்போக, நால்வர் வளர்ந்தார்கள். அவர்களுடைய கடைசிக் கப்பலின் பெயர் அக்விட்நெக். அதன் கூடத்தில் தரையோடு ஆணி அடித்து நிறுத்திய ஒரு பியானோ இருந்தது. தாயாரே ஆசிரியையாக இருந்து பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளிடம் உன் ஊர் எது என்று கேட்டிருந்தால், கப்பலின் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

1884 ஜூலை 25ஆம் நாள், தென்னமெரிக்காவின் போனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது வர்ஜீனியா காலமானார். வயது முப்பத்து நான்கு. ஸ்லோக்கத்தின் வீடு அன்றே பாதி இடிந்துவிட்டது என்பது என் எண்ணம். மீதிப் பாதி மூன்று ஆண்டுகள் கழித்துப் போயிற்று. அவர் 1886இல் உறவுப் பெண்ணாகிய ஹெட்டியை மறுமணம் செய்துகொண்டார். பெண்ணுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இரண்டு மகன்களையும் புது மனைவியையும் ஏற்றிக்கொண்டு பிரேசில் பக்கம் போன அக்விட்நெக் கப்பல், 1887ஆம் ஆண்டின் இறுதியில் மணல்திட்டில் ஏறி உடைந்தது. கப்பலுக்குக் காப்புறுதி கிடையாது. கையிலிருந்த முதலும் கூடவே போயிற்று.

வேறொருவராக இருந்தால் தூதரகத்தில் போய் உதவி கேட்டு நின்றிருப்பார். ஸ்லோக்கமோ உடைந்த கப்பலில் மிஞ்சிய சாமான்களையும் காட்டு மரங்களையும் கொண்டு 35 அடி நீளத்தில் ஒரு படகு கட்டினார். ஹெட்டி பாய்களைத் தைத்தார். அந்தப் படகு தண்ணீரில் இறங்கிய நாள் 1888 மே 13. பிரேசிலில் அடிமைகளுக்கு விடுதலை வழங்கப்பட்டதும் அதே நாளில்தான். ஆகவே படகுக்கு லிபர்டாடே, அதாவது விடுதலை, என்று பெயர் வைத்தார். நால்வரும் அதில் ஏறி 5,500 மைல் கடல் கடந்து அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். கதையாகக் கேட்க இனிக்கும். அதில் வந்த ஹெட்டியின் நிலையிலிருந்து பாருங்கள். மணம் முடித்து மூன்று ஆண்டுக்குள் கப்பல் உடைந்து, திறந்த கடலில் சின்னப் படகில் நனைந்து நடுங்கி வந்தவர் அவர். அதற்குப் பிறகு அவர் கணவரோடு கடற்பயணம் போகவே இல்லை. அவரைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

இனிக் கரை வாழ்க்கை. ஸ்லோக்கம் பாஸ்டன் நகருக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. தொழில் தெரிந்த கப்பல் தலைவர். ஆனால் கப்பல் இல்லை. காரணம் என்ன? பாய்மரக் கப்பல்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. பாய்மரக் கப்பல் காற்றை நம்பியது. காற்று எதிரே அடித்தால் அது வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற முடியும். காற்று நின்றால் நாள்கணக்கில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். நீராவிக் கப்பலுக்கு அந்தத் தொல்லை இல்லை. நிலக்கரியைப் போட்டால் நேர்வழியில், சொன்ன நாளில் வந்து சேரும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. கால்வாய்க்குள் பாய்மரக் கப்பலை இழுத்துக்கொண்டு போக வேண்டும். செங்கடலின் காற்றும் அதற்கு ஒத்துவராது. குறுக்கு வழி முழுவதும் நீராவிக் கப்பலுக்கே என்றாகிவிட்டது. ஸ்லோக்கத்தைப் போன்ற எத்தனையோ பேர் கரையில் நின்றார்கள். சிலர் நீராவிக் கப்பலில் வேலை தேடினார்கள். ஸ்லோக்கத்துக்கு அதில் மனம் செல்லவில்லை. கப்பல் பட்டறையில் கூலி வேலையாவது செய்யலாம் என்று போனார். அங்கே வேலை பார்க்க வேண்டுமானால் முதலில் ஓர் அமைப்புக்கு ஐம்பது டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். வேலை தேடி வருகிறவனிடம் ஐம்பது டாலர் ஏது?

அந்த நிலையில்தான் 1892இன் குளிர்காலத்தில் ஏபன் பியர்ஸ் என்ற பழைய திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் அவரைச் சந்தித்தார். பேர்ஹேவன் என்ற ஊருக்கு வா, உனக்கு ஒரு கப்பல் தருகிறேன், கொஞ்சம் பழுது பார்க்க வேண்டியிருக்கும் என்றார். ஸ்லோக்கம் ஆவலோடு போய்ப் பார்த்தார். கடலிலிருந்து விலகி, மேய்ச்சல் நிலத்தில், முட்டுக் கொடுத்து நிறுத்தி, மேலே கித்தான் போர்த்திய ஒரு பழைய படகு கிடந்தது. பெயர் ஸ்பிரே. ஏழு ஆண்டுகளாக அது அங்கேயே கிடந்து உளுத்துக்கொண்டிருந்ததாம். நண்பர் கேலி செய்திருக்கிறார்! ஊரார், உடைத்து விறகாக்கப் போகிறாயா என்று கேட்டார்கள். இல்லை, புதுப்பிக்கப் போகிறேன் என்றார் ஸ்லோக்கம்.

நம்மவர்களில் தச்சு வேலை தெரிந்தவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். பக்கத்திலேயே ஓர் ஓக் மரத்தை வெட்டி, ஏராக்கட்டை என்று சொல்லப்படும் அடிமரத்தைச் செய்தார். படகின் விலா எலும்பு போன்ற வளைவுக் கட்டைகளுக்கு இளமரங்களைச் செதுக்கி, ஒரு பெட்டிக்குள் வைத்து நீராவியில் வேகவைத்தார். நன்றாக வெந்த மரம் பிரம்பைப் போல வளையும். சூட்டோடு ஒரு தடித்த கட்டையின் மேல் வளைத்துக் கட்டிவிட்டால், ஆறியதும் அந்த வளைவு அப்படியே நிற்கும். அதன்மேல் ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகைகளை அடித்து, இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்து அடைத்தார். பழைய கட்டை ஒன்றைக் கழற்றினால் அந்த இடத்தில் புதியது ஒன்றை வைப்பார். இப்படியே போய், கடைசியில் பழைய ஸ்பிரேயில் மிஞ்சியது பெயர் ஒன்றுதான் என்று சொல்லும்படி ஆயிற்று. வேலை செய்கிற இடத்துக்கு ஊரிலிருந்த பழைய கப்பல்காரர்கள் வந்து நின்று பேசுவார்கள், குற்றம் சொல்வார்கள், பிறகு பாராட்டுவார்கள். பதின்மூன்று மாதம் உழைத்தார். சாமான்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 காசு. அதைச் சில்லறைக்காசு விடாமல் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காசு அவருக்கு எவ்வளவு அருமையானது என்பதை அதிலேயே கண்டுகொள்ளலாம்.

படகின் நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். முதலில் ஒரு பருவம் மீன்பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை மாட்டக்கூடத் தமக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகுதான் உலகத்தைச் சுற்றிவரும் எண்ணம் வந்தது. 1895 ஏப்ரல் 24ஆம் நாள் பாஸ்டனிலிருந்து பாய் விரித்தார். வயது ஐம்பத்தொன்று. அவருக்கு நீந்தத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தாய்மார்கள் கேட்கக்கூடும்: அவ்வளவு சின்னப் படகில் ஒருவர் எப்படிக் குடியிருக்க முடியும்? படுக்கும் அறை 10 அடிக்கு 12 அடி. நம் வீட்டு அறை ஒன்றின் அளவுதான். சமையலுக்கு முன்பக்கம் 6 அடிச் சதுரத்தில் ஓர் இடம். இரண்டு திரி எரியும் விளக்கு ஒன்று வைத்திருந்தார். இரவில் அது வெளிச்சம் தரும்; பகலில் அதையே அடுப்பாக வைத்துக் காப்பி காய்ச்சுவார். கரைக்குப் போய்வர ஒரு சிறு தோணி வேண்டும். முழுத் தோணி வைக்க இடம் போதாது. ஆகவே பழைய தோணி ஒன்றைக் குறுக்கே பாதியாக அறுத்து, அறுத்த பக்கத்தைப் பலகையால் அடைத்துக்கொண்டார். கடலில் போகும்போது அந்தப் பாதித் தோணிதான் துணி துவைக்கும் தொட்டி. குளிக்கும் தொட்டியும் அதுவே. நேரம் பார்க்கக் கப்பல்காரர்கள் விலையுயர்ந்த கடிகாரம் வைத்திருப்பார்கள். அவருடைய கடிகாரத்தைப் பழுது பார்க்கப் பதினைந்து டாலர் கேட்டதால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, முகம் உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டார்.

தூங்குவது எப்படி? இங்கேதான் அவருடைய தொழில் அறிவு தெரிகிறது. முன்பாய் படகின் மூக்கைக் காற்றுக்கு விலக்கித் தள்ளும். பின்பாய் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பும். இந்த இரண்டையும் சரியான அளவில் இழுத்துக் கட்டி, சுக்கான் சக்கரத்தையும் கயிற்றால் கட்டிவிட்டால், ஒன்றை ஒன்று சமன்செய்து படகு தன் வழியில் தானே போகும். ஸ்பிரேயின் நீண்ட அடிமரமும் அதற்கு உதவிற்று. ஆஸ்திரேலியாவின் வடக்கே வியாழக்கிழமைத் தீவிலிருந்து கீலிங் கொக்கோஸ் தீவுகள் வரை 2,700 மைல். இருபத்து மூன்று நாள் ஓடிய அந்தப் பயணத்தில் அவர் சுக்கானைப் பிடித்து நின்றது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இராது என்று எழுதுகிறார். மற்ற நேரத்தில் சமைத்தார், படித்தார், பாய் தைத்தார், தூங்கினார்.

தனிமை வாட்டவில்லையா? முதல் நாள்களில் நன்றாகவே வாட்டியது. தம் குரலே மறந்துவிடுமோ என்று பயந்து, இல்லாத மாலுமிகளுக்கு உரத்த குரலில் உத்தரவு போட்டுப் பார்த்தார். பதில் சொல்ல ஆள் இல்லை. பிறகு பாட்டுப் பாடத் தொடங்கினார். வழிச்செலவுக்கும் அவர் யோசனை வேறுவகை. தென்னமெரிக்காவின் தெற்கு முனைப் பக்கம் உடைந்த கப்பலிலிருந்து ஒதுங்கிய கொழுப்புப் பீப்பாய்களை எடுத்து ஏற்றிக்கொண்டார். யுவான் பெர்னாண்டஸ் தீவில் அந்தக் கொழுப்பில், நடுவே துளையுள்ள இனிப்புப் பலகாரம் சுட்டு விற்றார். ஏறக்குறைய நம் உளுந்து வடையின் வடிவம்தான். தீவு மக்களுக்கு அதன் செய்முறையையும் கற்றுக் கொடுத்தார். பிறகு சமோவாவில் மீதிக் கொழுப்பில் ஒரு பங்கைச் சவர்க்காரம் செய்பவரிடம் விற்றார். போகிற துறைமுகங்களில் சொற்பொழிவு செய்தும் சம்பாதித்தார்.

கொக்கோஸ் தீவுகள் என்றேனே, அந்தப் பெயரில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1897 ஜூலை 17ஆம் நாள் ஸ்லோக்கம் அங்கே இறங்கினார். அந்தத் தீவுகள் முழுவதும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமான தென்னந்தோட்டம்; வேலை செய்தவர்கள் மலாய்க்காரர்கள். கூலி, முதலாளியின் கடையில் மட்டுமே செல்லும் வில்லைகளாகக் கொடுக்கப்பட்டது. ஸ்லோக்கம் அங்கே படகின் அடியைச் சுத்தம் செய்து, பாரத்துக்காகப் பெரிய பெரிய மட்டி ஓடுகளை ஏற்றிக்கொண்டார். அந்த ஓடுகளை எடுக்கப் போனபோதுதான் உயிருக்கே ஆபத்து வந்தது. துடுப்பு இல்லாத ஓர் ஓட்டைப் படகு. காற்று அதை வெளிக்கடலை நோக்கித் தள்ளிற்று. அந்தத் திசையில் அடுத்த கரை ஆப்பிரிக்காதான்! ஒரு கோலை ஊன்றி ஊன்றித் தள்ளிப் பிழைத்தார். உலகத்தைச் சுற்றியவர் குளம் போன்ற நீரில் சாகப் பார்த்தார். அந்தத் தீவு மக்களில் பலர், 1950ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சபாவின் தாவாவ் பகுதிக்கு வந்து தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்தார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

1898 ஜூன் 27ஆம் நாள் ஸ்பிரே அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. மூன்று ஆண்டு, இரண்டு மாதம், 46,000 மைல். சில நாள்களில் பேர்ஹேவனுக்கே கொண்டுபோய், எந்த இடத்தில் கட்டி இறக்கினாரோ அங்கேயே படகைக் கட்டினார். பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1900ஆம் ஆண்டு வெளிவந்து நன்றாக விற்றது. கையில் பணமும் வந்தது.

இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறவர்கள் அதிகம். எனக்கு இதற்குப் பிறகுதான் கதை தொடங்குகிறது என்று தோன்றுகிறது. ஸ்லோக்கம் 1902இல் மார்த்தாவின் திராட்சைத் தோட்டம் என்று பெயர்பெற்ற தீவில், மேற்கு டிஸ்பரி என்ற சிற்றூரில், பழைய வீட்டோடு கூடிய நிலம் வாங்கினார். ஐம்பத்தெட்டு வயதில், வாழ்நாளில் முதன்முறையாக, கரையில் சொந்த வீடு. பழமரக் கன்றுகள் நட்டார். ஹெட்டி மகிழ்ந்திருப்பார். உலகப் பயணத்தின் மூன்று ஆண்டும் அவர் உறவினரோடு ஒண்டி இருந்தவர் அல்லவா? கணவருடைய வீரத்தைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்கிற மனைவியின் நிலை எளிதானதன்று. அவரைப் பற்றிப் புகழுரைகளில் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை.

ஆனால் மண் ஸ்லோக்கத்தைப் பிடித்து வைக்கவில்லை. மரம் நட்டவர் அது காய்க்கும்வரை இருந்து பார்க்க வேண்டும். பதினாறு வயதிலிருந்து பெரும்பாலும் கடலிலேயே வாழ்ந்தவருக்கு அது எப்படி வரும்? 1905இலிருந்து குளிர்காலம் வந்தால் ஸ்பிரேயில் ஏறித் தெற்கே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்விடுவார். வெயில்காலத்தில் திரும்பி வருவார். சிப்பிகளும் சங்குகளும் புத்தகங்களும் விற்றுச் செலவைப் பார்த்துக்கொள்வார். கரையில் இருக்கும் நாள்களிலும் பெரும்பாலும் படகிலேயே படுத்துக்கொள்வார். வீட்டில் ஹெட்டி, துறைமுகத்தில் கணவர். ஒவ்வொருவருக்கும் வீடு என்பது வேறு வேறாக இருந்தது. வர்ஜீனியாவோடு கப்பலில் வாழ்ந்த அந்தப் பதின்மூன்று ஆண்டுகளைத்தான் அவர் அந்தப் பத்தடி அறைக்குள் தேடினாரோ என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு. அவர் வாய்விட்டு அப்படி எங்கும் சொல்லவில்லை.

அந்தக் கடைசி ஆண்டுகளில் அவரைப் பார்த்தவர்கள், படகும் ஆளும் தளர்ந்து போயிருந்ததாகச் சொல்கிறார்கள். கயிறுகள் நைந்திருந்தன, முன்பு ஒரு தூசு படவிடாத மேல்தளத்தில் சாமான்கள் இறைந்து கிடந்தன. ஒரு நவம்பர் மாதத்தில், தென்னமெரிக்காவின் ஓரினோக்கோ ஆற்றுக்குள் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தீவிலிருந்து தனியே பாய் விரித்தார். அதற்குப் பிறகு ஸ்பிரேயையோ அவரையோ யாரும் காணவில்லை. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.

கப்பல் மோதியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். புயல் என்று வேறு சிலர் சொன்னார்கள். ஹெட்டி மேற்கு டிஸ்பரியிலேயே இருந்தார். சட்டப்படி ஸ்லோக்கம் இறந்துவிட்டார் என்று நீதிமன்றம் அறிவிக்க 1924ஆம் ஆண்டு ஆயிற்று.